பேரம் வேறு, கூட்டு வேறு: மலையகத்திலிருந்து அரசியலமைப்பு மாற்றத்தைப் பார்த்தால்

சுதந்திரம் கிடைத்தபோது இலங்கையில் நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29(2) என்று ஒரு பிரிவு இருந்தது. ஒரு சமூகத்தவரை மட்டும் பாதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்பது அதன் சாரம். சிறுபான்மையினருக்கு என்ன காப்பு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டினார்கள். அந்தக் காப்பு ஏட்டில் இருக்கும்போதே 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடம் வந்த இரண்டு சட்டங்களும் சேர்ந்து, வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்துவிட்டன. இதை எதிர்த்த கோடாகன்பிள்ளை வழக்கு, அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை போனது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம், இதை ஒரு சமூகத்துக்கு எதிரான சட்டமாகக் கொள்ள முடியாது என்று 1953இல் அங்கே கதை முடிந்தது. 1972இல் வந்த குடியரசு அரசியலமைப்பு 29(2)ஐயே எடுத்துவிட்டது.

மலையகத்தில் அரசியலமைப்பைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறவர் எவரும் இந்தக் கதையைச் சொல்லாமல் உட்காருவதில்லை. இன்னும் இறுக்கமாக எழுதியிருந்தால் தப்பியிருப்போம் என்பதுதான் வழக்கமாக அதன் முடிவு. எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. எழுத்து இருந்தது. அந்த எழுத்தை மீறினால் அரசாங்கத்துக்கு நட்டம் வரும் என்ற நிலையை உண்டாக்க மலையகத்துக்கு வெளியே போதுமான ஆட்கள் இருக்கவில்லை. அதனால் புதிய அரசியலமைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம், என்ன எழுதுவது என்ற கேள்வியோடு யாரைச் சேர்த்துக்கொண்டு எழுதுவது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. 1978 அரசியலமைப்பைத் திருத்த 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 150 வாக்கு வேண்டும். ஒற்றையாட்சி, பௌத்தத்துக்குரிய முதன்மை இடம் போன்ற சில உறுப்புரைகளைத் தொட்டால் சர்வஜன வாக்கெடுப்பும் சேர்ந்துகொள்ளும். 2012 குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்ற கட்டத்துக்குள் பதிவானவர்கள் 8 இலட்சத்து 39 ஆயிரம் சொச்சம் பேர், நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு நாலு. தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்ட மலையகத்தவரையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும், 150க்கு அது இன்னும் வெகுதூரம். அந்தச் சனமும் ஓரிடத்தில் இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு, மற்றப்படி பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை, அப்புறம் களுத்துறை, காலி, மாத்தறை வரை சிதறிக் கிடக்கிறது.

இந்தச் சிதறல்தான் மலையகக் கோரிக்கையை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. 1987இன் 13ஆவது திருத்தம் அதிகாரத்தை நிலப்பரப்பாகப் பிரித்தது. வடக்குக்கும் கிழக்குக்கும் அது போதுமா என்பது தனி விவாதம். மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் வாழ்கிற மலையகத் தமிழருக்கோ மூன்று சபைகளிலும் சிறுபான்மை என்ற இடம்தான் கிடைத்தது. ஆகவே இங்கிருந்து எழும் யோசனைகள் வேறு மாதிரி இருக்கின்றன. நிலத்தோடு கட்டப்படாத, சமூகம் முழுவதற்கும் பொதுவான ஒரு சபை வேண்டும் என்கிறார்கள். பாண்டிச்சேரி மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டாத நிலத்துண்டுகளை ஓர் அலகாக்கலாம் என்கிறார்கள். மலையகத் தமிழர் ஒரு தனித்துவமான இனம் என்று அரசியலமைப்பிலேயே எழுதச் சொல்கிறார்கள். சமஷ்டி என்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு சொல்லில் பேச்சு முடிந்துவிடும். இதை விளங்கப்படுத்தக் குறைந்தது அரைமணி நேரம் வேண்டும், கேட்கிறவருக்கும் பொறுமை வேண்டும்.

முல்லோயாவும் அதற்குப் பிறகும்

மலையகத்துக்குக் கூட்டுச் சேரத் தெரியாது என்று யாராவது சொன்னால் 1940ஐக் காட்டலாம். அந்த ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காகத் தோன்றியவர் இடதுசாரிச் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. அந்தக் கட்சி அப்போது தோட்டம் தோட்டமாகத் தொழிற்சங்கம் கட்டிக்கொண்டிருந்தது. ஊவாவில் வேலைநிறுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அது போட்டியிடாத பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குப் போனது. டி.எஸ். சேனநாயக்கவின் புதிய அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னால் இனக்கணக்கோடு இந்த வர்க்கக் கணக்கும் இருந்தது என்பதை அந்தக் காலத்தை ஆராய்ந்த பலரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஆக, அந்தக் கூட்டு வேலை செய்தது. வேலை செய்ததால்தான் அடி விழுந்தது. வாக்குப் போன பிறகு, கூட்டாளிக்குக் கொடுக்க மலையகத்தின் கையில் ஒன்றுமில்லாமல் போயிற்று. 1948இல் சட்டத்தை எதிர்த்து நின்ற இடதுசாரிகள் சிங்கள வாக்காளரை மட்டுமே நம்பித் தேர்தலுக்குப் போக வேண்டிய நிலைக்கு மெல்ல மெல்ல வந்தார்கள். 1964இல் சமசமாஜக் கட்சி சிறிமாவோவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. அதே வருடம் ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று முடிவாயிற்று. அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. 1972 அரசியலமைப்பைத் தயாரித்த அமைச்சர் யார் என்று பார்த்தால், அதே கொல்வின். கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவரின் காலத்தில்தான் 29(2) போனது.

துரோகம் என்று சொல்லி முடித்துவிட்டுப் போகலாம், பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் வாக்கு இல்லாதவரோடு ஒரு கட்சி எவ்வளவு காலம் கூட்டாக நிற்கும் என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருப்பதை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

வடக்கோடு இருந்த உறவும் நேர்கோடாக இல்லை. ஜீ.ஜீ. பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்துவிட்டு அமைச்சரவைக்குள் போனார். அந்தப் பிளவிலிருந்து 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலையக வாக்குரிமை அந்தக் கட்சி பிறந்ததற்கான காரணங்களில் ஒன்று. 1972இல் தமிழர் கூட்டணி உருவானபோது தோட்டத் தொழிலாளரின் சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் அதில் இருந்தது. 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாடு என்று தீர்மானம் வந்ததும் காங்கிரஸின் தலைவர் தொண்டமான் ஒதுங்கிக்கொண்டார். வேறென்ன செய்ய முடியும்? தலவாக்கலையிலும் பசறையிலும் இருக்கிற சனம் எந்த எல்லைக்கோட்டுக்குள் போய் நிற்கும்? ஆனாலும் 1985இல் அரசாங்கத்தோடு திம்புவில் நடந்த பேச்சுவார்த்தையில் தமிழ் அமைப்புகள் கூட்டாக முன்வைத்த நான்கு கோட்பாடுகளில் நான்காவது, இந்தத் தீவைத் தம் நாடாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் முழுப் பிரஜாவுரிமை வேண்டும் என்றது. ஆயுதம் ஏந்திய இயக்கங்களும் சேர்ந்து வைத்த கோரிக்கைப் பட்டியலில் மலையகத்துக்கு ஓர் இடம் இருந்தது என்பதைக் குறைத்து மதிக்கக்கூடாது.

தொண்டமான் எடுத்தது வேறு வழி. 1977இல் பாராளுமன்றம் போய், அடுத்த வருடம் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1978 அரசியலமைப்பு வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பாகுபாட்டை எடுத்தது. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்ததால் சிதறிக் கிடந்த வாக்குக்கும் மதிப்பு வந்தது. 1986 தைப்பொங்கலோடு தொழிலாளர் காலை நேர வேலையை நிறுத்திப் பிரார்த்தனையில் உட்கார்ந்தார்கள். சட்டப்படி வேலைநிறுத்தம் என்று சொல்லவும் முடியாது, தேயிலை காத்திருக்கவும் செய்யாது. அதே வருடம் நாடற்றோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்தியாவின் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்காமல் இங்கேயே நின்ற 94,000 பேருக்கு அது கதவைத் திறந்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் மிச்சத்தை முடித்தன.

இது சின்னச் சாதனை இல்லை. நாடற்ற ஒரு சனத்தை வாக்காளராக்கிய கதை. ஆனால் அது பேரத்தின் கதை. ஒரு தலைவர், ஒரு அரசாங்கம், நடுவில் ஒரு மேசை. மேசைக்கு வெளியே சிங்களத் தொழிலாளருக்கோ வடக்கின் விவசாயிக்கோ முஸ்லிம் வியாபாரிக்கோ இதில் என்ன வேலை என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பேரம் சாதாரணச் சட்டத்துக்குப் போதும். 150 வாக்கும் அதற்கு மேல் நாடு தழுவிய வாக்கெடுப்பும் வேண்டிய ஒரு விஷயத்துக்கு அது எட்டாது.

முப்பத்துமூன்றாம் பிரிவும் ஒரு கடிதமும்

தோட்டத்தில் அரசியலமைப்புக் கூட்டம் என்றால் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பெரும்பாலும் கோயில் மண்டபம் அல்லது முன்பள்ளிக் கட்டடம். கடைசி நிறுவை முடிந்து, கொழுந்து லொறி போன பிறகுதான் ஆட்கள் வருவார்கள். ஆண்கள் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். பெண்கள் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு வந்து சேரும்போது பேச்சு பாதி முடிந்திருக்கும். தோட்டத்தின் உழைப்பில் பெரும்பங்கு அவர்களுடையது, கூட்டத்தில் மட்டும் பின்வரிசை. வந்திருக்கும் வளவாளர் இறைமை, அதிகாரப் பகிர்வு என்று ஆரம்பித்தால் கொட்டாவிதான் பதில். ‘உங்களுக்கு வருகிற கடிதம் எங்கே வருகிறது?’ என்று ஒருவர் கேட்கட்டும், மண்டபம் சூடாகிவிடும்.

ஏனென்றால் பல தோட்டங்களில் லயம் என்ற வரிசை வீட்டின் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. நேர்முகத் தேர்வு அழைப்பானாலும், நீதிமன்றக் கட்டளையானாலும், வங்கிக் கடிதமானாலும் தோட்டத்து ஆபிஸுக்கு வரும். அங்கே ஒரு கட்டாகக் கிடக்கும். அந்தப் பக்கம் போகிற யாராவது லயத்துக்கு எடுத்து வருவார்கள், திகதி கடந்த பிறகு வந்து சேர்ந்ததும் உண்டு. ‘பாட்டன் காலத்துல இருந்து இங்கதான் இருக்கோம், எங்க வீட்டுக்கு ஒரு நம்பர் இல்லையா?’ என்று ஒரு அக்கா எழுந்து கேட்டால், சமத்துவம் பற்றிய 12ஆவது உறுப்புரையை அதற்கு மேல் யாரும் விளக்கத் தேவையில்லை.

இதே மாதிரியான இன்னொன்று பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. 1987ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட வழி இருக்கவில்லை. தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவுசெய்யலாம். அவர் சபைக்குப் போய் உட்காரலாம். ஆனால் தன் சொந்த லயத்துக்கு முன்னால் உடைந்துபோன மதகைக் கட்டச் சபைப் பணத்தைக் கேட்க முடியாது. கிராமத்துப் பாதையில் வரும் தார் தோட்ட எல்லையில் வந்து நின்றுவிடும். கண்டியிலும் அட்டனிலும் இயங்கும் சிவில் அமைப்புகள் இதைப் பல வருடமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தன. 2015இல் மலையகக் கட்சிகள் சேர்ந்து உருவாக்கிய தமிழ் முற்போக்குக் கூட்டணி அமைச்சரவைக்குள் இருந்து தள்ளியது. கடைசியில் 2018இல் பிரிவு திருத்தப்பட்டது. 31 வருடம்! அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வுட் புதிதாக வந்தவை.

கூட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று படிக்க விரும்புகிறவருக்கு 29(2)ஐ விட இந்த 33தான் நல்ல பாடம் என்பேன். இதில் யாருடைய நாடும் பிரியவில்லை, யாருடைய மதமும் கீழிறங்கவில்லை. உள்ளூராட்சியைப் பற்றி அக்கறைப்பட்ட சிங்கள அமைப்புகளுக்கு இது ஜனநாயகப் பிரச்சினை. பெண்கள் அமைப்புகளுக்கு இது தண்ணீரும் பாதையும். தொழிற்சங்கத்துக்கு இது கம்பனியின் பிடியிலிருந்து ஒரு படி விலகல். ஒவ்வொருவரும் தங்கள் காரணத்தோடு வந்தார்கள். எல்லோரும் ஒரே காரணத்துக்காக வர வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் இன்னும் 31 வருடம் போயிருக்கும்.

கீழே இருக்கிற கிராமம்

இப்போது எனக்கு மனத்தில் அதிகம் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். மலையகச் செயற்பாட்டாளர்கள் கூட்டாளி தேடும்போது கண் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகிறது. ஜெனீவாவுக்கும் போகிறது. தோட்டத்துக்குக் கீழே, ஓடையைத் தாண்டி இருக்கிற கண்டியச் சிங்களக் கிராமத்துக்குப் போவதில்லை. நாளாந்தம் சந்தையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் பக்கத்தில் நிற்கிறவர்கள் அவர்கள்தான். வாக்கெடுப்பு என்று வந்தால் தீர்மானிக்கப் போகிறவர்களும் அவர்கள்தான்.

அவர்களுக்கும் ஒரு பழைய மனக்குறை உண்டு. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டமும் 1897இன் தரிசுநிலச் சட்டமும் கிராமத்துக் காட்டையும் சேனையையும் முடிக்குரிய காணி என்று ஆக்கின, பிறகு அங்கே கோப்பியும் தேயிலையும் ஏறின. காணியை எடுத்தது வெள்ளைக்காரன், ஆனால் அந்தக் காணியில் நிற்பவராகக் கண்ணுக்குத் தெரிந்தவர் தமிழ்த் தொழிலாளி. 1927இல் அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் கண்டியர் தேசிய சபை வைத்த கோரிக்கை என்ன தெரியுமா? சமஷ்டி! கண்டியருக்கு ஒன்று, கரையோரச் சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று என மூன்று அலகுகள். இலங்கையில் சமஷ்டியைக் கேட்ட முதல் குரல்களில் ஒன்று இதே மலைகளிலிருந்து, சிங்களத்தில் எழுந்தது. அதே தலைமைதான் தோட்டத் தமிழருக்கு வாக்குரிமை கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தது. இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே பயம்: எங்கள் மண்ணில் நாங்கள் சிறுபான்மையாகிவிடுவோமா? வடக்கின் தமிழருக்கும் கிழக்கின் முஸ்லிம்களுக்கும் இந்தப் பயம் புதிதல்ல. தோட்டத்து மனிதருக்கும் அப்படித்தான்.

எழுபதுகளின் காணிச் சீர்திருத்தம் இந்த முடிச்சை இன்னும் இறுக்கியது. தோட்டங்கள் அரசுடைமையாகி, பகுதி பகுதியாகக் கிராமத்தவருக்குப் பிரிக்கப்பட்டபோது தொழிலாளர் வெளியே தள்ளப்பட்டார்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்துக் காணியைப் பிரிப்பதை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் பொலிஸாரின் சூட்டில் இறந்தார். காணி இல்லாத இரண்டு சனங்களை ஒரே காணிக்காக மோதவிட்டால் காணிக்குச் சொந்தமான அரசு நிம்மதியாக இருக்கலாம். 77, 81, 83 கலவரங்களைத் தாண்டி வந்தவர்களிடம் போய், கீழ்க்கிராமத்தோடு கூட்டுச் சேருங்கள் என்று சொல்வது லேசான காரியம் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனாலும் முயன்றவர்கள் இருந்தார்கள். கண்டியில் 1972இல் பாதிரியார் போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்யோதய என்ற நிறுவனம் அந்த இரண்டு சனங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்தே வேலை செய்தது. 1979இல் தென்னிலங்கையில் இன நீதிக்காக உருவான இயக்கத்திலும் அவர் முன்னின்றார். சிறிய வேலைதான். ஆனால் அந்த வழியில் வந்தவர்கள்தான் பிறகு மலையகத்தின் பிரச்சினையைச் சிங்களத்தில் எழுதவும் பேசவும் ஆட்களைத் தந்தார்கள்.

இன்று இரண்டு சனத்துக்கும் பொதுவான பட்டியல் முன்னைவிட நீளமானது. 2021இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்டபோது தோட்டமும் அடிபட்டது, சிறு தேயிலைக்காரரும் அடிபட்டார்கள். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியை இப்போது தருவது இந்தச் சிறு உடைமையாளர்கள்தான், அவர்களில் அநேகர் சிங்களவர். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலை சரிந்தபோது லயமா கிராமமா என்று மண் பார்க்கவில்லை. சரிந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. காணி உறுதி உள்ளவரின் இழப்பு ஒரு மாதிரி, கம்பனிக் குத்தகைக் காணியில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தவரின் இழப்பு இன்னொரு மாதிரி. காணி, வீடு, சுகாதாரம் போன்றவற்றை நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய உரிமைகளாக அரசியலமைப்பில் எழுத வேண்டும் என்ற கோரிக்கை இங்கேதான் உயிர்பெறுகிறது. இப்போது அவை வழிகாட்டிக் கோட்பாடுகள் என்ற பெயரில் 27ஆவது உறுப்புரையில் படுத்திருக்கின்றன. அவற்றை வைத்து வழக்குப் போட முடியாது என்று 29ஆவது உறுப்புரை சொல்லிவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்தில் கிராமத்துக்கும் லயத்துக்கும் கிடைக்கப்போவது ஒன்றே.

பட்டியல்கள் சந்தித்த இடங்கள்

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் கூட்டுகள் மூன்று நான்கு வடிவங்களில் வந்து போயின. 2014–15இல் மாதுலுவாவே சோபித தேரரின் இயக்கத்தைச் சுற்றி நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்க ஒரு பெரிய அணி சேர்ந்தது. 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்தவின் பக்கம் நின்றது. நுவரெலியா மாவட்டம் மைத்திரிக்கே போட்டது. தலைவர் ஒரு பக்கம், சனம் இன்னொரு பக்கம் போகலாம் என்று காட்டிய தேர்தல் அது. ஏப்ரலில் 19ஆவது திருத்தம் 212 வாக்குகளோடு நிறைவேறியது. ஜனாதிபதியின் அதிகாரம் குறைந்தது, தகவல் அறியும் உரிமை வந்தது. அதிகாரப் பகிர்வும் சிறுபான்மையினர் விடயமும் அடுத்த கட்டத்தில் என்றார்கள்.

அடுத்த கட்டம் உண்மையிலேயே தொடங்கியது. லால் விஜேநாயக்க தலைமையிலான குழு 2016இல் மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்கள் கருத்தைக் கேட்டது. மலையகத்திலிருந்து தொழிற்சங்கங்கள், ஆசிரியர்கள், பெண்கள் அமைப்புகள், தேவாலயக் குழுக்கள் எல்லாம் மனுக் கொடுத்தன. பாராளுமன்றம் அரசியலமைப்புச் சபையாக மாறியது. 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கை வந்தது. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற மலையக இளைஞர்கள் கறுப்பு உடையோடு காலிமுகத்திடலில் கூடி 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டார்கள். எந்தச் சங்கமும் கூப்பிடாமல் கூடிய கூட்டம். இரண்டு நாள் கழித்து ஜனாதிபதி பிரதமரை நீக்க, நாடு வேறு நெருக்கடிக்குள் போய்விட்டது. புதிய அரசியலமைப்பு அத்தோடு படுத்தது. ‘அடுத்த கட்டம்’ என்று சொல்லப்படுகிற எதையும் மலையகம் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். பெரிய கூட்டில் எல்லோருக்கும் பொதுவானது முதலில் நிறைவேறும், சின்னவரின் கோரிக்கை வரிசையில் நிற்கும், வரிசை நகருமுன் அரசாங்கம் விழும்.

2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணி வேறு வழியைக் காட்டியது. வடக்குக் கிழக்கில் நடந்த அந்தப் பேரணியின் கோரிக்கைகளில் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்காதே என்பதும் இருந்தது, தோட்டத் தொழிலாளிக்கு 1000 ரூபாய் என்பதும் இருந்தது. தன் பட்டியலில் அடுத்தவரின் வரியையும் எழுதிக்கொள்வது. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் பொகவந்தலாவையில் அதைத் தொலைபேசியில் பார்த்தவருக்கு வடக்கு முதல் தடவையாகத் தன் சம்பளத்தைப் பற்றிப் பேசியது மாதிரி இருந்தது. 2022 ஏப்ரல் 28, மே 6 ஹர்த்தால்களில் தோட்டங்களும் சேர்ந்து நின்றன. அரகலய என்ற அந்த வருட மக்கள் போராட்டத்தில் ஒரே மேடையில் எல்லா இனமும் நின்றது உண்மை. ஆட்சியமைப்பை மாற்ற வேண்டும் என்ற கோஷத்துக்கு அடியில் எதை எழுதுவது என்று வந்தபோது ஆளுக்கொரு காகிதம் இருந்ததும் உண்மை. அந்த வருடம் ஒக்டோபரில் 21ஆவது திருத்தமாக வெளிவந்தது 19இன் ஒரு பகுதிதான்.

2023இல் மலையகம் தன் சொந்தக் காகிதத்தை எழுதியது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, கோப்பித் தோட்டத்துக்கு வந்த முதல் தலைமுறை நடந்த வழியில், ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை நடந்தார்கள். நினைவு ஊர்வலமாக மட்டும் இருந்திருந்தால் அதை இங்கே சொல்லத் தேவையில்லை. வழியில் மன்னார், மடு, பிறகு மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை. கடைசி மூன்றும் சிங்கள ஊர்கள். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து நடந்தார்கள், சிவில் அமைப்புகளும் மதகுருமாரும் வந்தார்கள். கையில் பதினொரு கோரிக்கைகள்: வரலாற்றை ஏற்றுக்கொள், தனித்துவமான சமமான சமூகமாக அங்கீகரி, வாழக்கூடிய சம்பளம், காணி, மொழி, வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதுகாப்பு, தேர்தல் முறையிலும் ஆட்சியிலும் பங்கு. வீட்டுப் பணிப்பெண்ணின் பாதுகாப்பும் அதிகாரப் பகிர்வும் ஒரே தாளில் வந்தது தற்செயல் அல்ல. கட்சிகள் எழுதியிருந்தால் முதலாவது விடுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே வருடம் ஒக்டோபரில் தேசிய மக்கள் சக்தி அட்டன் பிரகடனத்தை வெளியிட்டது. அறுபதுகளின் கடைசியில் தன் ஐந்து வகுப்புகளில் ஒன்றாக இந்திய விஸ்தரிப்புவாதத்தைப் போதித்து, தோட்டத் தமிழரை அதன் கருவியாகக் காட்டிய ஜே.வி.பி.தான் அந்த அணியின் அச்சாணி. அவர்கள் அட்டனுக்கு வந்து மலையகத் தமிழர் என்ற அடையாளத்தையும் காணியையும் பற்றிப் பேசினால் அதை மாற்றம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? வடக்கு–கிழக்கு இணைப்பை நீதிமன்றத்தில் உடைத்ததும் இதே கட்சிதான் என்று வடக்கின் நண்பர்கள் உடனே நினைவுபடுத்துவார்கள். அதுவும் சரி.

159 ஆசனம்

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை எடுத்தது. நுவரெலியாவின் எட்டு ஆசனங்களில் ஐந்து அவர்களுக்கு. மலையகத்திலிருந்து முதல் தடவையாகப் பெண்கள் பாராளுமன்றம் போனார்கள், நுவரெலியாவிலிருந்து ஒருவர், பதுளையிலிருந்து ஒருவர், இருவரும் ஆளும் தரப்பில். 2015–19இல் தொடங்கிய அரசியலமைப்பு வேலையை முடித்து வைப்போம் என்பது அந்தக் கட்சியின் தேர்தல் வாக்குறுதி.

இது பழைய பேரத்தின் அடியையே ஆட்டிவிட்டது. 150க்கு மேல் தாமே வைத்திருப்பவருக்குச் சின்னக் கட்சியின் நாலு வாக்கு தேவையில்லை. மேசைக்கு வந்து விலை பேசும் காலம், இந்தப் பாராளுமன்றத்தில் மட்டுமாவது, முடிந்துவிட்டது. இழுக்கவும் தள்ளவும் முடிந்த இடம் இப்போது பாராளுமன்றத்துக்கு வெளியேதான். ஆளும் கட்சியின் வாக்காளருக்குள்ளும் அது உண்டு, அவர்களில் கீழ்க்கிராமமும் லயமும் ஒன்றாக இருக்கின்றன. 1947க்குப் பிறகு இந்த அளவில் இது நடக்கவில்லை.

அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வர்க்கமே முதல், இனம் பிறகு என்று சொல்லும் ஒரு கட்சிக்குள், தனித்துவமான சமூகம் என்ற கோரிக்கை பிரிவினை மாதிரி ஒலிக்கும். எல்லோரும் சமம்தானே, தனிச் சபை எதற்கு என்று நல்ல மனதோடே கேட்பார்கள். இலட்சக்கணக்கான மனிதரை ஒரு தலைமுறைக்கு மேல் நாடற்றவராக வைத்திருந்த அரசு, எல்லோரும் சமம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த இடைவெளி நிரம்பிவிடாது. இதை யாழ்ப்பாணத்தவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரத்தினபுரியின் இறப்பர்க்காரருக்கு விளங்கப்படுத்த வேண்டும், சிங்களத்தில். 33ஆம் பிரிவு, முகவரி, சிங்களத்தில் மட்டும் எழுதப்படுகிற பொலிஸ் முறைப்பாடு போன்ற கையில் தொட்டுக் காட்டக்கூடிய கதைகளோடுதான் அது முடியும்.

தொழிற்சங்கங்களும் இதில் தங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். சந்தாவுக்காக ஒரே தோட்டத்தில் மூன்று நாலு சங்கம் அடித்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை. அவை ஒன்றாக நின்ற 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்தில்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது என்பதைத் தலைவர்மார் மேதினத்தில் சொல்வார்கள், அடுத்த நாள் மறந்துவிடுவார்கள்.

வரைவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாகாண சபைத் தேர்தலே 2014க்குப் பிறகு நடக்கவில்லை. 2018இல் எல்லை நிர்ணய அறிக்கை ஒரு வாக்குக்கூட ஆதரவாக விழாமல் பாராளுமன்றத்தில் தோற்றதிலிருந்து அது முடங்கிக் கிடக்கிறது. காத்திருக்கிற இந்த நேரத்தில் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன இடம் இருக்கிறது. திருத்தப்பட்ட 33ஆம் பிரிவின்படி பிரதேச சபைகள் இப்போது தோட்டத்துக்குள் செலவிடலாம். கிராமத்து உறுப்பினரும் தோட்டத்து உறுப்பினரும் ஒரே வரவுசெலவுத் திட்டத்துக்குக் கையுயர்த்த வேண்டும். கிராமத்துப் பாதைக்கும் லயத்துப் பாதைக்கும் எவ்வளவு என்ற சண்டை அங்கே வருடாவருடம் வரும். பதினொரு கோரிக்கைகளின் சிங்களப் பிரதியைக் கையில் வைத்திருக்கிறவர்கள் முதலில் போய் உட்கார வேண்டியது, நவம்பர் டிசம்பரில் கூடும் அந்தச் சபைகளின் பார்வையாளர் வாங்கில்தான்.